பார்த்த மண்ணில் கிடைத்த குண்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசி மாதம். வடஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரியாத காலம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி, முப்பது வீடுகள் இருந்த ஒரு சிற்றூரில் குடியிருந்தேன். சொந்த ஊர் கீழே கலசப்பாக்கம் பக்கம். அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை. வயது முப்பத்திரண்டு. எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. என் பெயரை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

என்னிடம் ஒரு கார் இருந்தது. குமாஸ்தாவுக்கு ஏது கார் என்று கேட்பீர்கள். போளூரில் அரிசி மில் வைத்திருந்த என் மாமனார் புது வண்டி வாங்கியதும் பழையதை என் தலையில் கட்டிவிட்டார். இரண்டே கதவு வைத்த சின்னக் கார். அந்த வகைக் காரை இன்றைய பிள்ளைகள் பார்த்தே இருக்கமாட்டார்கள். நல்ல வண்டிதான், ஆனால் ஓடி ஓடித் தேய்ந்திருந்தது. மூன்றாவது கியர் நிற்காது. போட்டுவிட்டுக் கையை எடுத்தால் கம்பி தானாக வெளியே குதித்துவிடும். மலை ஏறும்போது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கியர் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டே வருவாள். புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு அவள் கம்பியைப் பிடித்திருக்கும் அழகைப் பார்த்து பஸ்ஸில் போகிறவர்கள் சிரிப்பார்கள்.

அந்தத் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மாப்ளைக்கு ஓட்டத்தான் தெரியும். ஓட்டறதுக்கு ஆளு வாடகைக்கே கெடைக்கும்." சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வீம்புக்காக ஒரு வார்த்தை விட்டேன். மனைவி ஒரு வாரம் அங்கேயே இருந்துவிட்டு வரட்டும்; அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவளைக் கொண்டுவந்து விடும்போது மூன்றாவது கியர் தானாக நிற்கும்; பட்டறைக்குப் போகாமல் என் கையாலேயே சரி செய்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காரோடு வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு இரவு படித்தேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் லீவு போட்டேன்.

அந்தக் காரில் ஒரு வசதி. கியர் பாக்ஸை வண்டிக்கு அடியில் படுத்து எடுக்க வேண்டியதில்லை. முன் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, நடுவில் மேடாக இருக்கும் அட்டை மூடியைத் திருகு திருகாக எடுத்தால் பாக்ஸ் அப்படியே கண் முன்னால் தெரியும். உள்ளிருந்தே தூக்கிக் கதவு வழியாக வெளியே கொண்டுவந்துவிடலாம். வெள்ளிக்கிழமை காலையில் பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். கியர் கம்பியைக் கழற்றினேன். அடியில் தகரத்தை வைத்து ஆயிலை இறக்கினேன். பின்னால் போகிற ஷாப்டின் நாலு போல்ட்டு, கிலோமீட்டர் ஒயர், எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. இன்ஜினோடு பாக்ஸைச் சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் மேலே இருந்த இரண்டு மட்டும் உயிரை வாங்கின. மதியம் ஆகிவிட்டது. இரண்டு கை விரல் மூட்டுகளிலும் தோல் போயிருந்தது.

என் வீட்டுக்கு எதிரே நிலம் வைத்திருந்த எதிர் நிலத்துக்காரர் அப்போதுதான் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அவர் மனைவியும் அந்த ஊருக்கு நான் குடி வந்த நாளிலிருந்து எனக்கு எத்தனையோ உதவி செய்திருக்கிறார்கள். சும்மா நின்று பார்த்தவர், கடைசி போல்ட்டை நான் கழற்றப் போகும்போது மெல்லக் கேட்டார், அந்தப் பக்கம் பிடிப்பு போய்விட்டால் இன்ஜின் சாயாதா என்று. புத்தகத்தில் அது இருந்தது. நான்தான் மறந்துவிட்டேன். அவரே ஒரு கட்டையைக் கொண்டுவந்து இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். பிறகு ஒரு மூங்கில் தடியை இரண்டு கதவு வழியாகவும் குறுக்கே விட்டு, பாக்ஸைக் கத்தாழைக் கயிற்றால் கட்டித் தடியில் தொங்கவிட்டார். ஆளுக்கு ஒரு முனை தூக்கினோம். இரண்டு தேங்காய் மூட்டையைத் தூக்குவதுபோலத்தான் இருந்தது. அரை மணியில் பாக்ஸ் வாசலில் விரித்த சாக்குமேல் உட்கார்ந்திருந்தது. ஒரு நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில் இல்லை.

சனிக்கிழமை காலை பாக்ஸின் மேல் மூடியைக் கழற்றினேன். கியர் கம்பிகள் தங்கள் இடத்தில் நிற்பதற்காக அந்த மூடியில் மூன்று துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பிரிங், அதற்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு பால்ரஸ் இரும்புக் குண்டு, மேலே ஒரு திருகு. ஸ்பிரிங் வலுவிழந்ததால்தான் கியர் குதிக்கிறது என்பது என் கண்டுபிடிப்பு. வாசலில் மணைப்பலகை போட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு தட்டில் மண்ணெண்ணெய்.

களத்துக்குப் போகிற வழியில் எதிர் நிலத்துக்காரர் கொஞ்ச நேரம் வந்து நின்றார். முதல் குண்டை எடுத்ததும் கேட்டு வாங்கிப் பார்த்தார். வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, இது உண்டிவில்லுக்கு நன்றாக இருக்கும், சாமைக்கு வருகிற குருவி அப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது என்று சிரித்துக்கொண்டே தட்டில் போட்டார். இரண்டாவது குண்டும் வந்தது. மூன்றாவது திருகைக் கழற்றும்போது ஸ்பிரிங் துள்ளிக் கிளம்பியது. தட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஸ்பிரிங்கும் குண்டும் சேர்ந்துதான் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மூடியைத் துடைப்பதில் இறங்கிவிட்டேன். அவர் போய்விட்டார்.

கால் மணி கழித்துத் தட்டைப் பார்த்தால் ஸ்பிரிங் மூன்று, குண்டு இரண்டு.

வாசல் முழுக்கத் தவழ்ந்து தேடினேன். சாக்கை உதறினேன். பாக்ஸின் உள்ளே விரல் விட்டுத் துழாவினேன். அடுத்த நாள் காலையில் மாமனார் வந்து இறங்குவார். வாசலில் கியர் பாக்ஸ் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அவர் சிரிப்பது இப்போதே காதில் கேட்டது. ஒரு மணி நேரம் தேடிய பிறகு, என் புத்தி உண்டிவில் பக்கம் போனது.

களம் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அறுத்த சாமையைப் பரப்பி மாடு கட்டிப் போரடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே அங்கே இருந்தது. கிழக்கே மேகம் திரண்டிருந்ததால் எல்லோருக்கும் அவசரம். அவருடைய கதிர்தான் அன்று களத்தில் கிடந்தது. மடித்துக் கட்டிய லுங்கியோடு அப்படியே களத்துக்குள் நடந்தேன். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் போனால் மடித்த லுங்கியை இறக்கிவிட்டுத்தான் பேசுவோம். அது யாரும் சொல்லித்தர வேண்டாத மரியாதை. எனக்கு அது தோன்றவே இல்லை.

"வெளையாட்டுக்கு எடுத்துருந்தா குடுத்துடு. அது இல்லாம எனக்கு வண்டி ஓடாது" என்றேன். பத்து வயது மூத்தவரை, அவர் மனைவி முன்னால், ஊர் முன்னால், "குடுத்துடு" என்றேன்.

மாடுகள் நின்றுவிட்டன. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். இடுப்பு மடியை அவிழ்த்து உதறினார். ஒரு வெற்றிலையும் கொஞ்சம் புகையிலையும் விழுந்தன. "எடுக்கலீங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

நாட்டாண்மைக்காரர் ஓரமாக நின்று கதிரைக் கிளறிக்கொண்டிருந்தவர், கோலைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னதை இன்றும் வார்த்தை மாறாமல் சொல்லுவேன். "எங்க ஊர்ல ஒருத்தன் மேல சொல்லு வுழுந்தா, அது ஊரு மேல வுழுந்த மாதிரிங்க சார். அது எடுபடாம நாங்க வேற வேல பாக்கமாட்டோம். உங்க வாசல்லதானே போச்சு, வாங்க, தேடிடலாம்."

ஒருவர்மேல் விழுந்த பழி நீங்கும்வரை ஊரே வேலையை நிறுத்துகிற வழக்கம் அங்கே இருப்பது அதற்கு முன் எனக்குத் தெரியாது. மாட்டை அவிழ்த்துக் கட்டினார்கள். பாதி அடித்த சாமையை அப்படியே விட்டுவிட்டு, இருபது இருபத்தைந்து பேர் என் வாசலுக்கு வந்தார்கள். பெண்கள் வீட்டுக்குப் போய் முறத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். முறம் எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை.

அவர்கள் தேடிய விதத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆண்கள் வாசல் மண்ணை மேலாக இரண்டு விரல் கனத்துக்குச் சுரண்டி, கூட்டிக் குவித்தார்கள். கார் நின்ற இடம், பாக்ஸ் இருந்த இடம், நான் நடந்த இடம், ஒன்றையும் விடவில்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அந்த மண்ணை முறத்தில் அள்ளிப் புடைத்தார்கள், கொழித்தார்கள். சாமையில் கல் பார்ப்பதுபோல மண்ணில் குண்டு பார்த்தார்கள். தூசி பறந்து எல்லோர் தலையும் செம்பட்டையாகிவிட்டது. என் பழைய சட்டைப் பொத்தான் ஒன்று கிடைத்தது. என் மனைவி தொலைத்துவிட்டு ஒரு மாதம் அழுத மூக்குத்தித் திருகாணிகூடக் கிடைத்தது. குண்டு கிடைக்கவில்லை.

எதிர் நிலத்துக்காரரின் மனைவிதான் வரிசையில் முதலில் இருந்தார். அவர் கைக்கு அந்த ஊரில் பெயர் உண்டு. தை மாதம் சாமிக்குப் பொங்கல் வைக்கிற சாமையை அவர்தான் புடைத்துக் கொடுப்பார். அவர் பார்த்த அரிசியில் கல் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. கணவன்மேல் நான் பழி போட்ட நேரத்திலிருந்து முறத்தைத் தவிர வேறு எதையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மதியம் தாண்டியது. நான் வீட்டுப் பக்கவாட்டில், காருக்குப் பின்னால் போய், வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து வாசல் தெரியாது. அப்போது சாலையில் ஒரு ஜீப் சத்தம் கேட்டது. எங்கள் ஆபீசர்தான் வருகிறாரோ என்று நினைத்தேன். லீவு போட்டவன் ஊர் ஜனத்தை வைத்து வாசல் மண்ணைப் புடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? யோசிப்பதற்கு முன்பே என் கை தானாக மடித்த லுங்கியை அவிழ்த்துக் கீழே இறக்கிவிட்டது.

காலில் ஏதோ விழுந்தது. கீழே பார்த்தேன். குண்டு.

ஸ்பிரிங் துள்ளியபோது அது என் லுங்கி மடிப்புக்குள் விழுந்திருக்கிறது. காலையிலிருந்து அதை நானே முழங்கால் பக்கத்தில் சுமந்துகொண்டு களத்துக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறேன். களத்தில் அத்தனை பேர் முன்னால் பேசுவதற்கு முன் மரியாதைக்கு லுங்கியை இறக்கியிருந்தால், குண்டு அங்கேயே விழுந்திருக்கும். அவர்மேல் ஒரு சொல்லும் விழுந்திருக்காது. நாட்டாண்மைக்காரர் என் வாசலுக்கு வந்தபோதாவது இறக்கியிருக்கலாம். அவர்களுக்கு இறங்காத லுங்கி, வராத ஆபீசருக்கு இறங்கியது. ஜீப் வேறு யாருடையதோ, நிற்காமல் போய்விட்டது.

குண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். பத்தடி நடந்து, மன்னித்துவிடுங்கள், என்னிடமே இருந்தது என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை. என்னால் முடியவில்லை. ஊரே சிரிக்கும், இந்தக் கதை மாமனார் காதுக்குப் போகும், ஆபீசில் தெரியும், இனிமேல் இந்த ஊரில் எவன் என்னை மதிப்பான் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. அந்த நேரத்தில் அவரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இதை எழுதும்போதுதான் அது எனக்கே உறைக்கிறது.

கணக்குப் போட்ட மனசு ஒரு வழியும் கண்டுபிடித்தது. குண்டை மண் குவியலில் போட்டுவிட்டால் யார் முறத்திலாவது தானாக வரும். யாருக்கும் பழி இல்லை. தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டே போய், புளியமரத்தடியில் இருந்த குவியலுக்குள் விரலால் குண்டை அழுத்திவிட்டு எழுந்தேன்.

அரை மணி ஆயிற்று. குண்டு வரவில்லை. ஏன் என்று பிறகுதான் விளங்கியது. குவியல் இரண்டு இருந்தது. ஒன்று பார்க்காத மண். மற்றது பார்த்து முடித்துக் கொட்டிய மண். பார்த்த மண்ணில் போட்டுவிட்டேன். அந்தக் குவியலை இனி யாரும் தொடப்போவதில்லை.

இதற்குள் கிழக்கே இருண்டுவிட்டது. காற்று மாறி, மண் வாசனை வந்தது. எல்லோரும் களத்துப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பரப்பிய சாமை பரப்பியபடி கிடந்தது. கூட்டிக் குவித்து வைக்கோல் போட்டு மூட வேண்டும், அதற்குப் பத்துக் கையாவது வேண்டும். ஆனால் நாட்டாண்மைக்காரர் போகலாம் என்று சொல்லவில்லை, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எதிர் நிலத்துக்காரர் மண்வெட்டியோடு நின்று வானத்தைப் பார்த்தார். அது அவருடைய சாமை. ஆறு மாதச் சாப்பாடு. ஒரு பெரிய துளி என் புறங்கையில் விழுந்தது.

இனியும் காத்திருக்க முடியவில்லை. புளியமரத்தடிக்குப் போய், மண்ணைக் கிளறுவதுபோலக் கிளறி, குண்டை எடுத்து, "இதோ இருக்கு" என்றேன்.

எல்லோரும் எழுந்து வந்தார்கள். யாரும் சந்தோஷப்படவில்லை. நாட்டாண்மைக்காரர் குவியலையும் என்னையும் பார்த்தார். "அது பாத்த மண்ணாச்சே" என்றார். யார் பார்த்த மண் என்று கேட்டார். பெண்கள் எல்லோர் கண்ணும் ஒரே ஆள்மேல்தான் போனது.

எதிர் நிலத்துக்காரரின் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து கையை நீட்டினார். குண்டைக் கொடுத்தேன். அதில் ஆயில் பளபளத்தது. அங்கங்கே கொஞ்சம் தூசிதான் ஒட்டியிருந்தது, காலையிலிருந்து மண்ணில் புரண்ட குண்டு இவ்வளவு சுத்தமாக இருக்காது என்பதை நானும் அப்போதுதான் பார்த்தேன். அவரும் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கோபமா, வெறுப்பா என்று சொல்லத் தெரியவில்லை. முறத்தில் இருப்பதைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குண்டை வைத்து உருட்டினார். அவர் கை முழுக்க மண். குண்டிலும் மண் அப்பிக்கொண்டது. அதை நாட்டாண்மைக்காரரிடம் நீட்டினார்.

"மண்ணுலதான் கெடந்துருக்குது. என் கண்ணுதான் தப்பிடுச்சி" என்றார்.

நாட்டாண்மைக்காரர் குண்டை வாங்கிப் பார்த்தார். அந்தம்மாவையும் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அதை என் கையில் வைத்துவிட்டு, சொல்லு எடுபட்டது, களத்துக்கு ஓடுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் சொன்னார். எல்லோரும் ஓடினார்கள். மழை பிடித்துக்கொண்டது.

நானும் ஓடியிருக்கலாம். எனக்கும் இரண்டு கை இருந்தது. நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மழை விடும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

மழை விட்டதும் கியர் பாக்ஸைத் துடைத்து மூடினேன். அதைத் திரும்ப ஏற்றுவதற்கு ஒரு கை வேண்டுமே என்று பார்த்தபோது, நான் கூப்பிடாமலே எதிர் நிலத்துக்காரர் மூங்கில் தடியோடு வந்து நின்றார். நனைந்திருந்தார். களம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பாதிக்கு மேல் நனைந்துவிட்டது, காய வைத்துப் பார்க்கவேண்டும் என்றார். பாக்ஸை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் என் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் மிச்சமில்லாமல் மாட்டியிருப்பதைப் பார்த்து, பரவாயில்லையே என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேற்று நடந்ததைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மலைக்காரர்கள் முறத்தை வைத்து மண்ணைப் புடைத்ததை நடித்துக் காட்டினேன். கடைசியில் அந்தம்மா பார்த்த மண்ணிலேயே குண்டு இருந்தது, அவர் கவனிக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்றும் சொன்னேன். மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினேன். எதிர் நிலத்துக்காரரின் மனைவி நின்றிருந்தார். நேற்று அவசரத்தில் விட்டுவிட்டுப் போன முறத்தை எடுக்க வந்திருக்கிறார். குனிந்து முறத்தை எடுத்தார், தட்டினார், போய்விட்டார்.

மாமனாரைக் காரில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். மூன்றாவது கியர் அரை மைல் நின்றது. பிறகு பழையபடி குதித்தது. அடுத்த மாதம் போளூரில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே பல்லு தேய்ந்திருக்கிறது என்றார். அந்த மூன்று குண்டுகளையும் பார்ப்பதற்குப் பாக்ஸை இறக்கியிருக்கவே வேண்டாம், வண்டியிலேயே மேல் மூடியை மட்டும் திறந்தால் போதும் என்றும் சொன்னார். புத்தகத்தில் அதுவும் இருந்திருக்கும். நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

தை மாதம் சாமிக்குப் பொங்கல் வைத்தார்கள். சாமை புடைக்க வேறு ஒரு அம்மாவைக் கூப்பிட்டார்கள். கண் தப்புகிற கையில் சாமிக் காரியத்தைக் கொடுக்கக்கூடாது என்று பேசிக்கொண்டார்களாம். இதை என் மனைவிதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் செய்தித்தாளைப் புரட்டினேன். அந்த லுங்கியைத் துவைத்தவள் அவள்தான். மடிப்பு விழுகிற இடத்தில் வட்டமாக ஒரு ஆயில் கறை இருந்தது. அவள் அதைப் பற்றிக் கடைசிவரை ஒன்றும் கேட்கவில்லை. அந்த லுங்கியை எனக்கு மறுபடி எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

சித்திரையில் எனக்குக் கீழே மாற்றல் வந்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அன்று எதிர் நிலத்துக்காரரின் மனைவி ஒரு சின்ன மூட்டையில் குத்திய சாமை அரிசி கொண்டுவந்தார். நனையாமல் தப்பியதில் எடுத்து வைத்திருந்தாராம். அவ்வளவு கஷ்டத்தில் இது எதற்கு என்று என் மனைவி தடுமாறினாள். நான் உள்ளே சுவரோடு நின்றிருந்தேன். என் காதில் விழவேண்டும் என்று சொன்னாரோ, சாதாரணமாகத்தான் சொன்னாரோ.

"இதுல கல்லு இருக்காது. தைரியமா ஒல வைம்மா."

அப்போதாவது வெளியே வந்து காலில் விழுந்திருக்கலாம். வரவில்லை. அன்று அவர் ஏன் குண்டை மண்ணில் உருட்டினார்? புருஷன்மேல் விழுந்த பழி சீக்கிரம் போகட்டும் என்றா, மழை வருகிறதே என்றா, வெளியூரிலிருந்து வந்தவன் இத்தனை பேர் முன்னால் கூனிக்குறுகி நிற்பதைப் பார்க்கப் பிடிக்காமலா? கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

கலசப்பாக்கத்துக்கு வந்த மறுநாள் அந்தச் சாமையைத்தான் சமைத்தாள். ஒரு கல்லாவது பல்லில் படாதா என்று ஒவ்வொரு வாயாக மென்று மென்று சாப்பிட்டேன். ஒன்றே ஒன்று பட்டிருந்தால், அவர் கண்ணும் தப்பக்கூடியதுதான் என்று கொஞ்சம் மனசு ஆறியிருக்கும். அந்த மூட்டை தீரும்வரை ஒரு கல்கூட இல்லை.

இப்போதெல்லாம் வாசலில் யார் வந்து நின்றாலும், கீரை விற்கிறவர்களாக இருந்தாலும், மடித்த வேட்டியை முதலில் இறக்கிவிடுகிறேன். பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். ஆனால் அதெல்லாம் என் மனசாறுதலுக்குத்தான். அந்தம்மாவின் கண் அன்று தப்பவில்லை என்று அந்த ஊர்க் களத்தில் போய் நின்று சொல்லவேண்டியவன் நான் ஒருவன்தான். நாற்பது வருஷமாகச் சொல்லவில்லை. பெயர் போடாமல் இங்கே எழுதுவது அதைச் சொன்னதாகாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.